வெடிவாயுவின் நடுவே எரியும் சுடர்: சுரங்கப் பாதுகாப்பு விளக்கைப் படிப்படியாகப் புரிந்துகொள்வது

பெங்களூர் சிக்பேட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சில வாரங்களில் ஒரு பித்தளை விளக்கு கண்ணில் படும். ஒரு சாண் உயரம், அடியில் எண்ணெய்க் கிண்ணம், நடுவில் தடித்த கண்ணாடி, அதன் மேல் இரும்புக் கூடு, உச்சியில் கொக்கி. விலையைச் சொல்வதற்கு முன்பே கடைக்காரர் ‘கே.ஜி.எஃப். விளக்கு’ என்று சொல்லிவிடுவார். வாங்க வந்தவர் தமிழர் என்று தெரிந்தால் இன்னும் அழுத்திச் சொல்வார். கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலில் ஒரு சித்தப்பாவாவது வேலை பார்த்திராத தமிழ்க் குடும்பம் இந்த ஊரில் குறைவு என்பது அவருடைய கணக்கு.

இரும்புக் கூட்டைக் கழற்றினால் உள்ளே தொப்பி வடிவில் நுண்ணிய கம்பி வலை இருக்கும். விளக்கு எரியத் தேவையான காற்று அந்த வலை வழியாகத்தான் வருகிறது. காற்று வரும் வழியில் வெடிவாயுவும், அதாவது நிலக்கரிச் சுரங்கத்தில் கசியும் மீத்தேனும், வரும், தடுக்க ஆளில்லை. உள்ளே வந்த வாயு சுடரில் பற்றியும் எரியும். ஆனால் வலைக்கு வெளியே, அதே வாயு, அதே நேரத்தில் பற்றாமல் சும்மா நிற்கிறது. இந்த விளக்கைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் இந்த ஒரு புதிருக்குள் அடங்கிவிடும். பலரும் நினைப்பதுபோல இது வாயுவை வெளியே நிறுத்தும் விளக்கு இல்லை. வெப்பத்தை உள்ளே நிறுத்தும் விளக்கு.

படி 1: முதலில் கையில் இருப்பது எது என்று பாருங்கள்

கோலார் தங்கவயலில் தங்கம் கிடைத்தது கடினமான பாறைக்குள், படிகக்கல் நரம்புகளில். அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனவர்களைப் பயமுறுத்தியவை பாறை வெடிப்பும் கடும் வெப்பமும்தான். நிலக்கரிச் சுரங்கத்தைப்போல மீத்தேன் அங்கே அன்றாட எதிரியாக இருக்கவில்லை. ஆகவே திறந்த சுடரோடு வேலை செய்ய முடிந்தது. முன்பக்கம் பளபளக்கும் கிண்ணம்போன்ற பிரதிபலிப்பான், மேலே தண்ணீர் சொட்டவிடும் திருகு, கீழே தனி அறை என்று இருந்தால் அது கார்பைடு விளக்கு. கால்சியம் கார்பைடு மேல் தண்ணீர் சொட்டும்போது அசிட்டிலின் வாயு உண்டாகி நுனியில் எரியும். அருமையான வெளிச்சம். ஆனால் வாயு கசியும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் அதைக் கொண்டுபோவது வெடிக்குத் திரி வைப்பதற்குச் சமம்.

கம்பி வலை உள்ள பாதுகாப்பு விளக்கு பிறந்தது நிலக்கரிச் சுரங்கத்துக்காக. இந்தியாவில் ஜரியா, ராணிகஞ்ச் போன்ற வயல்களில்தான் அதற்குப் பெரிய வேலை இருந்தது. ஆகவே வலை உள்ள விளக்கைத் தங்கவயல் விளக்கு என்று ஒருவர் விற்றால் கொஞ்சம் சந்தேகப்படலாம். அது வடக்கே நிலக்கரி வயலிலிருந்து வந்திருக்கலாம், அல்லது வரவேற்பறை அலங்காரத்துக்காக அண்மையில் செய்த நகலாக இருக்கலாம். நகலைக் கண்டுபிடிப்பது எளிது: கூட்டுக்குள் வலையே இருக்காது, அல்லது கொசுவலை அளவுக்குப் பெரிய கண்களோடு பெயருக்கு ஒன்று இருக்கும். பூட்டும் இருக்காது. உண்மையான விளக்கில் பூட்டு கட்டாயம். அதன் கதை பின்னால் வருகிறது.

படி 2: தீ எப்படி நகர்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

நிலக்கரிப் படுகையில் தேங்கியிருக்கும் மீத்தேன், கரியை வெட்டும்போது வெளியே வரும். காற்றைவிட இலேசானது என்பதால் கூரையை ஒட்டித் தேங்கும். காற்றில் அதன் பங்கு 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் தீ தானாகப் பரவாது. 15 விழுக்காட்டுக்கு மேலே போனால் எரியப் போதுமான ஆக்சிஜன் இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆபத்து. ஏறத்தாழ 9.5 விழுக்காட்டில் வெடிப்பு மிகக் கடுமையாக இருக்கும்.

அந்தக் கலவையில் ஓரிடத்தில் பற்றிய தீ எப்படி முழுச் சுரங்கத்துக்கும் பாய்கிறது? எரியும் ஒரு மெல்லிய அடுக்கு, தன் பக்கத்தில் உள்ள எரியாத அடுக்கைச் சூடாக்குகிறது. அது பற்றும் வெப்பநிலையைத் தொட்டதும் எரிந்து, தனக்கு அடுத்ததைச் சூடாக்குகிறது. மீத்தேனுக்கு அந்த வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸுக்கும் மேலே. இப்படி அடுக்கடுக்காக வெப்பம் கைமாறுவதைத்தான் நாம் ‘தீ பரவுகிறது’ என்கிறோம். இந்தக் கைமாற்றத்தில் ஓரிடத்தில் வெப்பத்தைத் திருடிவிட்டால் போதும். அடுத்த அடுக்கு பற்றாது, தீ அங்கேயே நின்றுவிடும்.

கம்பி வலை செய்வது அந்தத் திருட்டைத்தான். சுடரிலிருந்து வெளியே கிளம்பும் சூடான வாயு, சம்பள நாளில் ஆலை வாசலைத் தாண்டும் தொழிலாளியைப் போன்றது. வாசலில் வரிசையாக நிற்கும் வட்டிக்காரர்களுக்குக் கொடுத்தது போக, ஆள் வீட்டுக்கு வந்து சேர்கிறார், பணம் வருவதில்லை. வலையின் கண் வழியாக வாயு வெளியே வந்துவிடுகிறது. அதன் வெப்பம் உலோகத்தில் தங்கி, வலை முழுக்கப் பரவி, சுற்றியுள்ள காற்றில் மெதுவாகக் கலந்துபோகிறது.

படி 3: மெழுகுவர்த்தியும் டீ வடிகட்டியும்

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கண்ணால் பார்ப்பது மேல். நெருக்கமான கண்கள் கொண்ட எவர்சில்வர் டீ வடிகட்டி ஒன்று, தடித்த மெழுகுவர்த்தி ஒன்று, தீப்பெட்டி, கையில் பிடிக்க இடுக்கி. வடிகட்டி பழையதாக இருக்கட்டும். கரி பிடித்த பிறகு வீட்டில் யாரும் அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பிள்ளைகள் பார்க்கலாம், பிடிக்கக் கூடாது.

மெழுகுவர்த்தியை ஏற்றி, வலையைக் கிடைமட்டமாகப் பிடித்து மேலிருந்து சுடரின் நடுப்பகுதிவரை மெதுவாக இறக்குங்கள். சுடர் வலையைத் தாண்டி மேலே வராது. கத்தியால் சீவியதுபோல வலைக்குக் கீழேயே நின்றுவிடும். வலைக்கு மேலே கொஞ்சம் கவனமாகப் பாருங்கள்: ஒரு புகை எழும். அது எரியாத மெழுகு ஆவி. ஆவி தாண்டிவிட்டது, தீ தாண்டவில்லை.

இப்போது எரியும் தீக்குச்சியை வலைக்கு மேலே அந்தப் புகையில் காட்டுங்கள். மேலேயும் பற்றிக்கொள்ளும். ஆக, மேலே எரிபொருள் இருந்தது, காற்றும் இருந்தது. இல்லாமல் போனது வெப்பம் மட்டும்தான் என்பது இங்கே நிரூபணமாகிவிடுகிறது. 

மூன்றாவது கட்டம்தான் முக்கியமானது. வலையை எடுக்காமல் அதே இடத்தில் பிடித்துக்கொண்டிருங்கள். கம்பி செக்கச் சிவந்து பழுத்துவிட்டால், தீக்குச்சியின் உதவி இல்லாமலேயே சுடர் மேலே தாவிவிடக்கூடும். வெப்பத்தைத் திருட வேண்டிய உலோகமே சுடரளவு சூடானால் அது காவல் காக்காது. பின்னால் விளக்கு தோற்கும் இடங்களைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இதைச் சமையல் எரிவாயுவில் செய்யக் கூடாது. பள்ளி ஆய்வகத்தில் பன்சன் அடுப்பின் மேல் வலை வைத்து ஆசிரியர் காட்டுவது வேறு. நம் சிலிண்டரில் வரும் வாயு காற்றைவிடக் கனமானது. பற்றாமல் விட்டால் தரையில் தேங்கி, மூலையில் இருக்கும் பூஜை விளக்கைத் தேடிப் போகும்.

படி 4: வலைக் கண்ணின் அளவு ஏன் முக்கியம்

1812 மே 25 அன்று வடகிழக்கு இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 92 பேர் இறந்தார்கள். பாதிரியார்களும் மருத்துவர்களும் சேர்ந்து, இப்படிப்பட்ட வெடிப்புகளைத் தடுக்கச் சண்டர்லாந்தில் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1815இல் அந்தச் சங்கம் லண்டனில் புகழ்பெற்ற வேதியியலாளரான ஹம்ஃப்ரி டேவியை அணுகியது. மருத்துவரான வில்லியம் ரீட் கிளானி அதற்கு முன்பே ஒரு விளக்கைச் செய்திருந்தார். துருத்தியால் காற்றைத் தண்ணீர் வழியாக ஊதி உள்ளே அனுப்ப வேண்டும். கரி வெட்டுகிறவனுக்கு மூன்றாவது கை வேண்டும். கில்லிங்வொர்த் சுரங்கத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஸ்டீபன்சன், டேவியைப் பற்றி எதுவும் தெரியாமலேயே, சிறு துளைகள் வழியாகக் காற்று போகும் விளக்கை 1815 அக்டோபரில் சுரங்கத்துக்குள்ளேயே எடுத்துப்போய்ச் சோதித்தார். யார் முதல் என்ற சண்டை அவர்கள் காலம் முழுவதும் ஓடியது. இருவரும் தனித்தனியாகத்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்கிறேன். படித்த மேதைக்கு முன்னால் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனை நம்ப லண்டனுக்கு மனமில்லை என்பதே அந்தச் சண்டையில் பாதி.

டேவியின் தனிப் பங்கு, காரணத்தைத் தேடிப் போனது. மெல்லிய குழாய் வழியாக வெடிப்பு பாய்வதில்லை என்று கண்டார். குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு நீளம் குறைந்தாலும் போதும் என்றும் கண்டார். அப்படியானால் மிக மிகக் குறுகலான, மிக மிகக் குட்டையான குழாய்கள்? அவற்றைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் கம்பி வலை. 1816 ஜனவரியில் அந்த வலை விளக்கு ஹெப்பர்ன் சுரங்கத்தில் சோதிக்கப்பட்டது. அவர் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை.

அளவுகளைப் பார்க்கலாம். வழக்கமான வலையில் ஓர் அங்குலத்துக்கு 28 கம்பிகள். சதுர அங்குலத்துக்கு 784 கண்கள். கம்பியின் தடிமனைக் கழித்தால் ஒவ்வொரு கண்ணும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். மீத்தேன் சுடர் ஒரு மில்லிமீட்டர் அளவிலான இடுக்கிலேயே திணறி அணைந்துவிடும் என்பதால் அரை மில்லிமீட்டர் நல்ல காவல். ஹைட்ரஜனும் அசிட்டிலினும் அப்படியில்லை. அவை அரை மில்லிமீட்டரைவிடச் சிறிய இடுக்கிலும் நுழைந்துவிடும் சுடர்கள். டேவி விளக்கு மீத்தேனுக்காக அளந்து தைத்த சட்டை. வேறு வாயுவுக்கு அது பொருந்தும் என்று எண்ணக் கூடாது.

படி 5: காற்று போகும் வழியைத் தொடருங்கள்

விளக்கைக் கையில் எடுத்து இந்த வரிசையில் பாருங்கள். கண்ணாடிக்கு மேலே உள்ள வளையத்தில், கூட்டின் அடிப்பக்கம் சிறு துளைகள் இருக்கும். காற்று அங்கே நுழைந்து, வலையைக் கடந்து, கண்ணாடிக்குள் கீழே இறங்கிச் சுடரை அடைகிறது. எரிந்த சூடான வாயு நடுவழியாக மேலே ஏறி, வலையின் உச்சியைக் கடந்து, கூட்டின் மேல் துளைகளில் வெளியேறுகிறது. உள்ளே போவதும் வெளியே வருவதும் வலை வழியாக மட்டுமே. கண்ணாடியின் இரு விளிம்பிலும் உள்ள வளையங்கள் காற்றுப் புகாமல் இறுகியிருக்க வேண்டும். அங்கே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் வலைக்குப் பொருளில்லை.

டேவியின் முதல் வலை விளக்கில் கண்ணாடியே கிடையாது. சுடரைச் சுற்றி முழுக்க வலை. வெளிச்சத்தில் பெரும்பகுதியை வலையே விழுங்கிவிட்டது. வெட்டிய கரியின் எடைக்குக் கூலி வாங்குகிறவனுக்கு வெளிச்சம்தான் சோறு. ஆகவே வலையைக் கழற்றிவிட்டு வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். புகையிலைக் குழாயைப் பற்றவைக்கத் திறந்தவர்களும் இருந்தார்கள். பூட்டு வந்தது அதனால்தான். ஈய ஆணி அடித்து முத்திரை வைத்தார்கள். பின்னர் ஜெர்மனியின் வோல்ஃப் விளக்கில் காந்தப் பூட்டு வந்தது. மேலே விளக்கு அறையில் உள்ள வலுவான காந்தத்தில் வைத்தால்தான் திறக்கும். சுடர் அணைந்துபோனால் திறக்காமலே உள்ளேயே பற்றவைக்கும் பொறியும் அதில் உண்டு. சந்தையில் கிடைக்கும் விளக்கின் அடியில் ஒரு சிறு திருகுக் கட்டை நீட்டிக்கொண்டிருந்தால் அது அந்தப் பொறியாக இருக்கலாம்.

படி 6: சுடரைப் படிக்கும் விதம்

மின்விளக்கு வந்த பிறகும் இந்த விளக்கு பல பத்தாண்டுகள் சுரங்கத்தை விட்டுப் போகாததற்குக் காரணம் இதுதான். அது வெளிச்சத்துக்காக எடுத்துப்போகும் பொருளாக இருந்தது, பிறகு வாயுவை அளக்கும் கருவியானது. இந்தியச் சுரங்கங்களில் வேலையை மேற்பார்க்கும் ஓவர்மேனும் சர்தாரும் இதைக் கையில் பிடித்தபடியே சோதனைக்குப் போவார்கள். வாயுச் சோதனைக்கென்று தனிச் சான்றிதழும் உண்டு.

முறை இதுதான். திரியை இறக்கி, மஞ்சள் கிட்டத்தட்ட மறையும் அளவுக்குச் சுடரைச் சிறிதாக்க வேண்டும். விளக்கை நேராகப் பிடித்து, நிதானமாகக் கூரையை நோக்கி உயர்த்த வேண்டும். மீத்தேன் இருந்தால் சிறு சுடரின் மேல் வெளிறிய நீலத்தில் ஒரு தொப்பி தோன்றும். சுடருக்கு வெகு அருகில் வெப்பம் மிகுந்த இடத்தில் மட்டும் அந்த மெல்லிய வாயு எரிவதால் வரும் நிறம் அது. வாயு கூடக் கூடத் தொப்பி உயரும். ஒன்றேகால் விழுக்காட்டில் பழகிய கண்ணுக்கு மட்டுமே தெரியும். இரண்டில் ஓரளவு தெளிவாகத் தெரியும். மூன்றிலும் நான்கிலும் கூர்மையான நீல முக்கோணமாக வளரும். ஐந்தை நெருங்கும்போது நீலச் சுடர் விளக்குக்குள் நிரம்ப எழும். எண்ணெய்க்கும் விளக்கின் வகைக்கும் ஏற்ப உயரம் மாறும் என்பதால் ஒவ்வொருவரும் தன் விளக்கோடு பழக வேண்டும். இந்தியச் சுரங்க விதிகளில் அந்த 1.25 விழுக்காடு ஓர் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் மின்சாரத்தைத் துண்டித்து ஆட்களை வெளியேற்ற வேண்டும்.

நீலம் உள்ளே நிரம்பிவிட்டால் பயந்து விளக்கை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, ஊதவும் கூடாது. வேகம்தான் சுடரை வலைக்கு வெளியே தள்ளும். உயர்த்திய அதே நிதானத்தோடு இறக்கி, மேல்சட்டைக்குள் பொதிந்து காற்றுப் போகாமல் அணைத்துவிட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். படிக்க எளிதாக இருக்கிறது. கண்ணுக்கு எதிரே ஒரு சாண் கூண்டுக்குள் தீ சுழலும்போது கையை நடுங்கவிடாமல் வைத்திருந்தவர்களை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கூரையில் மீத்தேன் என்றால், தரையில் வேறொரு ஆபத்து. கார்பன் டை ஆக்சைடு மிகுந்து ஆக்சிஜன் குறைந்த காற்று கீழே தங்கும். விளக்கைத் தாழ்த்தினால் சுடர் மங்கும். ஆக்சிஜன் 16, 17 விழுக்காட்டுக்கு இறங்கியதும் அணைந்துவிடும். மனிதனுக்கு அப்போதும் நடந்து வெளியேறும் அளவுக்குத் தெம்பு இருக்கும். சுடர் முதலில் சாகிறது, ஆள் தப்பிக்கிறான். ஆனால் கார்பன் மோனாக்சைடை இந்த விளக்கு காட்டாது. ஆளைக் கொல்லும் அளவிலும் சுடர் இயல்பாகவே எரியும். கேனரிக் குருவியைக் கூண்டில் எடுத்துப்போனது அதற்காகத்தான்.

இதைப் படித்துவிட்டுக் கிணற்றிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்க்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அரிக்கேனுக்கு வலை கிடையாது. தொட்டியில் மீத்தேன் உண்டு. அங்கே கொல்லும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குச் சுடர் நம்பத்தக்க எச்சரிக்கை எதுவும் தராது. மனிதனை மலக்குழிக்குள் இறக்குவதற்கு எதிராக 2013ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. அதன் பிறகும் இந்த மாநகரங்களில் ஆட்கள் இறங்குகிறார்கள், சாகிறார்கள். எந்த விளக்கும் அதற்குத் தீர்வில்லை. இறக்காமல் இருப்பதே தீர்வு.

படி 7: விளக்கு தோற்கும் இடங்கள்

வலை பழுத்துவிட்டால் தோற்கும் என்பதை மெழுகுவர்த்தியில் பார்த்தோம். காற்றின் வேகம் இன்னொன்று. வினாடிக்கு இரண்டு மீட்டருக்கும் குறைவான காற்றோட்டத்திலேயே மூடியில்லாத டேவி விளக்கின் சுடர் வலையை ஊடுருவக்கூடும். வாயு தங்கும் மெதுவான சுரங்கத்துக்கு அது போதுமானதாக இருந்தது. காற்றோட்டத்தை மேம்படுத்த மேம்படுத்த, அந்த மேம்பாடே விளக்குக்கு எதிரியானது. அதனால்தான் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வலை வைத்த மார்சோ விளக்கும், வலையைச் சுற்றி இரும்புக் கூடும் வந்தன. சந்தையில் நீங்கள் பார்க்கும் கூடு அழகுக்கு வைத்ததில்லை, காற்றுக்கு மறைப்பு. இவை தவிர ஒரு கம்பி அறுந்தாலும் தோல்வி. கரித்தூசியும் எண்ணெயும் வலையில் படிந்து பற்றினாலும் தோல்வி.

இன்னொரு தோல்வி உலோகத்தில் இல்லை. 1835இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று கணக்குப் பார்த்தபோது, வடகிழக்குச் சுரங்கங்களில் விளக்கு வருவதற்கு முந்தைய பதினெட்டு ஆண்டுகளைவிட வந்த பிறகான பதினெட்டு ஆண்டுகளில் வெடிப்பில் இறந்தவர்கள் அதிகம் என்று தெரிந்தது. கரி வெட்டும் அளவு கூடியது ஒரு காரணம். வாயு மிகுதி என்று கைவிட்ட பகுதிகளையும் ‘இப்போது விளக்கு இருக்கிறதே’ என்று முதலாளிகள் திரும்பத் திறந்தது மற்றொன்று. விளக்கு கொடுத்த பாதுகாப்பைத் தொழிலாளியின் உயிருக்குச் செலவிடாமல் கூடுதல் கரிக்குச் செலவிட்டார்கள்.

படி 8: வலை இன்று எங்கே இருக்கிறது

பெட்ரோல் நிலையத்தின் ஓரத்தில் நிலத்தடித் தொட்டிகளிலிருந்து மேலே நீளும் மெல்லிய குழாய்களைக் கவனித்திருப்பீர்கள். ஆவி வெளியேறும் அந்தக் குழாய்களின் வாயில், இதே வலையின் வேலையைச் செய்யும் சுடர்த்தடுப்பு வைக்கப்படுவதுண்டு. சாண எரிவாயுக் குழாயிலும் அதே ஏற்பாடு.

மிக அழகானது, இன்று சுரங்கத்தில் விளக்கின் இடத்தைப் பிடித்த மின்னணு மீத்தேன் அளவி. அதன் உள்ளே பிளாட்டினக் கம்பி மேல் வினையூக்கி பூசிய ஒரு மணி சூடாக இருக்கும். மீத்தேன் அதன் மேல் பட்டுச் சுடரின்றி எரியும்போது சூடு கூடி, மின்தடை மாறும். அதுதான் எண்ணாகத் திரையில் தெரிகிறது. சூடான பிளாட்டினத்தின் மேல் வாயு சுடரின்றி எரிவதைக் கண்டு 1817இல் எழுதியவரும் டேவிதான். தன் விளக்குக்குள் பிளாட்டினக் கம்பி வைத்துப் பார்த்தபோது கண்டது. அந்த மணி சுரங்கத்தையே பற்றவைத்துவிடாமல் இருக்க, அதன் முன்னால் நுண்துளை உலோகத் தகடோ கம்பி வலையோ இருக்கும்.

படி 9: பழைய விளக்கை வீட்டில் ஏற்றலாமா

அடிக்கிண்ணத்தைத் திறந்து பாருங்கள். உள்ளே பஞ்சு அடைத்திருந்தால் அது நாப்தா போன்ற இலேசான எரிபொருளுக்கான விளக்கு. ஏற்றாமல் அலமாரியில் வைப்பது நல்லது. பெட்ரோலை எந்த விளக்கிலும் ஊற்ற வேண்டாம். வெறும் எண்ணெய்க் கிண்ணமும் தட்டையான திரியும் இருந்தால், கசிவில்லை என்று உறுதிசெய்த பிறகு மண்ணெண்ணெய் வகை விளக்கு எரிபொருளைப் பாதிக்கும் குறைவாக ஊற்றித் திறந்த வெளியில் ஏற்றலாம். கூடு சுடும்; கொக்கியை மட்டும் பிடியுங்கள்.

துடைக்கும்போது ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். பழைய விளக்குகளில் கண்ணாடியின் இரு விளிம்பிலும் உள்ள சாம்பல் நிற வளையம் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். அதைச் சுரண்டவோ தேய்க்கவோ ஊதவோ கூடாது. உதிர்கிறது என்றால் ஈரத்துணியால் மூடி அப்படியே விட்டுவிடுங்கள். பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கலாம்; வலையில் புளி படக் கூடாது, கம்பி அரித்துப்போகும். வலைக்கு உலர்ந்த மென்மையான தூரிகை மட்டும் போதும்.